நகம் செய்பவரை மாற்றலாமா? கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக நகத்துக்கு ஜெல், அதாவது லாம்ப் வெளிச்சத்தில் கையை வைத்து இறுக வைக்கும் நகப்பூச்சு, போட்டு வருகிறேன். நகம் செய்வது என் தொழில் இல்லை, காசு கொடுத்துக் கதிரையில் உட்காருகிற ஆள்தான். நடுவில் ஒருவரிடம் தேவைக்கு அதிகமாகத் தங்கி என் நகங்களைக் கெடுத்துக்கொண்டேன். அதன் பிறகு மச்சாள்மார், கூட வேலை செய்பவர்கள், மேல்மாடி அக்கா என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஜெல் போட்டு நாலாம் நாளே ஒரு விரலில் கழன்றுவிட்டது. வேறு ஆளைத் தேடவா?

வேண்டாம். ஒரு விரலில் ஒரு தடவை கழன்றதற்காக யாரையும் விடாதீர்கள். போன் எடுத்துச் சொல்லுங்கள். வேலையில் அக்கறை உள்ளவர் "வாங்கோ, சரிசெய்து தாறன்" என்பார்.

ஒழுங்காகப் போட்ட ஜெல் ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும். சாதாரணக் கியூட்டெக்ஸ் ஒரு வாரம் நின்றாலே நல்லது. அதற்கு முன் கழன்றால், முதலில் எந்த விரல் என்று பாருங்கள். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் என்றால், தேங்காய் திருவுகிற, டின் திறக்கிற, சட்டி தேய்க்கிற விரல்கள் அவை. நகம் தண்ணீரில் ஊறி விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கிற ஜெல்லால் அந்த அளவுக்கு விரிந்து சுருங்க முடியாது, அதனால் ஓரத்தில் விடுபடும். போகிற வழியில் கைக்குக் கிரீம் பூசிக்கொண்டு போனாலும் ஜெல் பிடிக்காது.

பத்து விரலிலும் ஓரம் தூக்குகிறது, இடது கைச் சின்னவிரலில்கூடத் தூக்குகிறது, அதுவும் மூன்று தடவை தொடர்ந்து என்றால் கதை வேறு. நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் இறந்த தோலையும் எண்ணெய்ப் பசையையும் அவர் சரியாக எடுப்பதில்லை, அல்லது ஜெல்லைத் தோலின் மேல் ஏற்றிவிடுகிறார். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் மாற்றலாம்.

வெள்ளை, இளம் ரோஸ் எது போட்டாலும் இரண்டு நாளில் மஞ்சளாகிறது. மலிவான சாமான் போடுகிறாரா?

பெரும்பாலும் அது கறி மஞ்சள். கையால் சாப்பிடுகிற, கையால் மீனுக்கு மஞ்சள் தடவுகிற நம் எல்லாருக்கும் வரும். கடைசியாகப் போடும் மேல்பூச்சான டொப் கோட்டில், பளபளப்பானதைவிடப் பளபளப்பில்லாத மட் டொப் கோட் மஞ்சளை அதிகம் பிடிக்கும். கறிப்பக்கமே போகாத விரலும் மஞ்சளாகிறது என்றால் டொப் கோட்டை மாற்றிப் போடச் சொல்லுங்கள். இதற்காக ஆளை மாற்றத் தேவையில்லை.

லாம்புக்குள் கை வைத்ததும் நெருப்பாகச் சுடுகிறது. "அப்பிடித்தான் இருக்கும், பொறுங்கோ" என்கிறார். உண்மையா?

கொஞ்சம் சூடு இயல்பு. ஜெல் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும், பில்டர் ஜெல் போன்ற தடித்த ஜெல்லில் அது கூட. கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டால் அவர் ஒரே பூச்சில் தடிப்பாகப் போட்டிருக்கலாம், அல்லது உங்கள் நகம் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருக்கலாம். மெல்லிசாகப் பல பூச்சாகப் போட்டால் முதலாவது தீரும். பல லாம்புகளில் குறைந்த சூட்டில் தொடங்கும் வசதியும் உண்டு. சுட்டால் கையை ஒரு கணம் வெளியே எடுத்து மறுபடி வைக்கலாம், ஆனால் ஜெல்லுக்குச் சொல்லப்பட்ட முழு நேரமும் வெளிச்சம் பட்டாக வேண்டும். பாதியில் விட்டால் மேலே இறுகி அடியில் இறுகாமல் கிடக்கும். அதனால் வரும் தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

"பொறுங்கோ" என்ற பதிலைத்தான் நான் கவனிப்பேன். நோகிறது என்று நீங்கள் சொன்ன பிறகும் அடுத்த தடவை அதே தடிப்பில் போடுகிறவரிடம் நான் மூன்றாம் தடவை போக மாட்டேன்.

ஜெல்லைக் கழற்றினால் நகம் கடுதாசி மாதிரி இருக்கிறது. ஜெல் என்றாலே இப்படித்தானா, அவர் செய்வது பிழையா?

ஒருவரை வைத்திருப்பதா விடுவதா என்பதை நான் இங்கேதான் முடிவு செய்வேன். போட்ட அன்று எல்லாருடைய வேலையும் வடிவாகத்தான் இருக்கும். கழற்றின பிறகு, வெறும் நகத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஜெல் பொலிஷைக் கழற்ற, மேல் பளபளப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். ஜெல் சுருங்கி எழும்பிவிடும், மரக்குச்சியால் தள்ளினாலே வரும். வராவிட்டால் இன்னும் 5 நிமிடம் சுற்றி வைப்பதுதான் வழி. பொறுமையில்லாமல் இரும்புத் தகட்டால் சுரண்டினால் ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும். கடுதாசி போல ஆவது அதனால்தான்.

டிரில் மெஷின் பிடித்தாலே பிழை என்று நினைக்க வேண்டாம். கை பழகியவர்கள் மேலே உள்ள ஜெல்லை டிரில்லால் எடுத்துவிட்டு, அடியில் மெல்லிய பூச்சு ஒன்றை நகத்திலேயே விட்டு அதன் மேல் புதிதாகப் போடுவார்கள். நகத்தை டிரில் தொடவே தொடாது. தொட்டுவிட்டால் அடையாளம் இருக்கும்: நகத்தின் குறுக்கே, அடிப்பக்கமாகச் சிவந்த கோடு. சுடுதண்ணீர் பட்டால் எரியும், வெங்காயம் உரித்தால் எரியும்.

என் கதையைச் சொல்கிறேன். காலி வீதியில் ஒரு சலூனில் ஒருவர் எனக்கு மாதா மாதம் செய்தார். பெயர் வேண்டாம். அன்பான பிள்ளை, பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து அனுப்புவார், அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஜெல்லை 7 நிமிடத்தில் எப்படி எடுக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒன்பதாம் மாதம் தோடம்பழம் உரிக்கப் போய்ப் பெருவிரல் நகம் பின்னால் மடிந்தது. அப்போதும் மறைக்கத்தான் மறுபடி ஜெல் போட்டேன், அவரிடமே. இன்னும் இரண்டு மாதம் போனது. இன்றைக்கும் அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாக மாற ஆறு மாதமளவு எடுக்கும். கால்நகத்துக்கு 12 முதல் 18 மாதம். அதனால் நகத்தைப் பார்த்தே கெடுதல் எப்போது நடந்தது என்று கணக்கிடலாம். அடியில் 6 மில்லிமீட்டர் தடிப்பாக, வழுவழுப்பாக இருந்து, அதற்கு மேலே மெலிந்திருந்தால், கடைசியாக நகம் சுரண்டுப்பட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆளை மாற்றின பிறகும் இதையே பாருங்கள். புதியவரிடம் போன மறு மாதமே "இவரும் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். நுனியில் இருப்பது பழையவர் விட்டுப்போன நகம். புதியவரின் கையில் வளர்ந்தது அடியில் உள்ள அந்த 3 மில்லிமீட்டர் மட்டும்தான்.

இன்னொன்று. பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து ஜெல்லை நீங்களே நோண்டி உரிக்கிற பழக்கம் இருந்தால், பழியை அவர் மேல் போட முடியாது.

விரல் நுனியைச் சுற்றிக் கடிக்கிறது, சின்னக் கொப்புளங்கள். ஒரு நாள் கண் இமையும் வீங்கியது. வேறு ஆளிடம் வேறு பிராண்ட் போட்டுப் பார்க்கவா?

தயவுசெய்து வேண்டாம். இதற்கு ஆள் மாற்றுவது வழி இல்லை. ஜெல், அக்ரிலிக் (தூளும் திரவமும் குழைத்துப் போடும் செயற்கை நகம்) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. அவசரம் என்றால் தனியாரிடம் சனல் பண்ணலாம்.

இது அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம். ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருக்கிற அந்த வகை இரசாயனங்களில் ஹெமா என்பது அடிக்கடி பெயர் கேட்கப்படுவது. முழுதாக இறுகிய ஜெல் பெரும்பாலும் தொல்லை தராது. இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் ஆபத்து. நகத்தோரத் தோலில் ஜெல் வழிவது, தடிப்பான பூச்சு, ஜெல்லுக்குப் பொருந்தாத லாம்ப், பாதி நேரத்தில் கையை எடுப்பது, எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் விடும். வருடக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் போட்டவருக்கும் திடீரென்று வரும். கண் இமையும் கழுத்தும் ஏன் வீங்குகின்றன என்று பலருக்கு விளங்குவதில்லை. கை முகத்தில் படுகிறது, இமைத் தோல் மெல்லியது, அவ்வளவுதான்.

ஒரு தடவை உடம்பு இதைப் பிழையான பொருளாகப் பிடித்துக்கொண்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். பல் அடைக்கும்போது பாவிக்கிற பசையிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் பாவிக்கிற எலும்புச் சீமெந்திலும் இந்த வகைப் பொருட்கள் உண்டு. அதனால் இது ஒரு நக விஷயத்தோடு முடிவதில்லை, பல் வைத்தியரிடமும் சொல்லி வைக்க வேண்டும். "ஹெமா இல்லாதது" என்று எழுதிய போத்தலில் வேறு அக்ரிலேட் இருக்கலாம், அதற்கும் உடம்பு அதே மாதிரி நடந்துகொள்ளலாம்.

வைத்தியரிடம் போகும்போது ஜெல்லின் பெயர் தேவைப்படும். நகம் செய்பவரிடம் போத்தலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் மேல் கோபம் இருந்தாலும் விஷயத்தைச் சொல்லுங்கள். நாள் முழுக்க அந்த ஜெல்லோடு இருப்பவர் அவர், உங்களுக்கு வந்தது அவருக்கும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இலேயே ஹெமா உள்ள நகப்பூச்சுகளைத் தொழில்முறையாகச் செய்பவர்கள் மட்டும் பாவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஒன்லைனில் லாம்போடு வாங்கி வீட்டில் நாமே போடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு ஜெல் பொருளைத் தடை செய்துவிட்டார்களாம். என்னுடையவர் அதைத்தான் போடுகிறாரா?

அதன் பெயர் டி.பி.ஓ. லாம்ப் வெளிச்சத்தில் ஜெல்லை இறுக வைக்கிற பொருள். விலங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்து இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று வகைப்படுத்தியதால், 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் அதைச் சேர்க்க முடியாது. போத்தலில் எழுதியிருக்கும், பார்க்கக் கேளுங்கள். அது இருந்தது என்பதற்காக மட்டும் நான் ஓட மாட்டேன், இல்லாத ஜெல் வாங்குவீர்களா என்று கேட்பேன். போத்தலைக் காட்டவே மறுத்தால்தான் யோசிப்பேன்.

ஜெல்லுக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரிகிறது.

பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. ஜெல் தூக்கின இடத்தில் தண்ணீர் போய்த் தங்கினால் வளரும். கொழும்பு ஈரக்காற்றும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் சேர்ந்தால் அதற்கு வசதி. ஜெல்லை முழுதாக எடுத்து, நகத்தைக் குட்டையாக வெட்டி, காய்ந்திருக்கும்படி வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். பச்சையைக் கண்டும் "கடும் கலர் போட்டால் தெரியாது" என்று மேலே பூசுகிறவரை அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

நீளவாட்டில் கபிலமோ கறுப்போ கோடு இருந்தாலும் அப்படித்தான். நம் தோல் நிறத்துக்கு அந்தக் கோடு பலருக்கும் சாதாரணமாக வரும். ஆனால் ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டு போனால், அரிதாகத் தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். "இதை டொக்டரிடம் காட்டுங்கோ, அதுக்குப் பிறகு போடுவம்" என்று உங்களைத் திருப்பி அனுப்புகிறவர் கிடைத்தால் அவரை விடவே விடாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் போய் வந்த பிறகு நகச்சுத்து வருகிறது. என்ன காரணம்?

நகத்தடித் தோலை ஆழமாக வெட்டுகிறார். அந்தத் தோல் நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் கிருமி போகாமல் அடைத்து வைத்திருப்பது. ஊறவைத்து மெதுவாகத் தள்ளி, நகத்தில் ஒட்டிய இறந்த பகுதியை மட்டும் எடுத்தால் போதும். அம்மம்மா காலத்தில் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகி வைப்பார்கள். குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் சீழ் கட்டியிருந்தால் வைத்தியரிடம் போங்கள். "தோலை வெட்ட வேண்டாம், தள்ளினால் போதும்" என்று சொல்லியும் வெட்டினால் மாற்றுங்கள்.

கருவிகள் சுத்தமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரே?

கேட்கும் விதத்தில் கேட்டால் கோபிக்க மாட்டார். "அக்கா, இந்த பைல் புதுசோ? இல்லாட்டி அடுத்த முறை நான் என்ட பைலைக் கொண்டு வரட்டோ?" என்று நான் கேட்பேன். தேய்க்கும் பைலும் பபரும் மரக்குச்சியும் கிருமி நீக்க முடியாத பொருட்கள். ஒருவருக்குப் பாவித்தால் வீச வேண்டும், அல்லது உங்கள் பெயர் எழுதிய பையில் உங்களுக்கென்று வைக்க வேண்டும். இரும்புக் கருவியைச் சவர்க்காரம் போட்டுப் பிரஷால் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, முடிந்தால் 121 பாகை நீராவியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து எடுக்க வேண்டும். நீல வெளிச்சம் எரியும் சின்னப் பெட்டியை பல இடங்களில் பெருமையாகக் காட்டுவார்கள். சுத்தம் செய்த கருவியை வைக்க அது ஆகும். அழுக்கை அது சுத்தமாக்காது.

இதை நான் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் ஹெப்படைடிஸ் பி. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஒரு வாரம்வரை உயிரோடிருந்து தொற்றக்கூடியது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது 2003-இல்தான், அதற்கு முன் பிறந்த நாங்கள் பலர் போடாமல் இருக்கிறோம். முன்னால் இருந்தவரின் விரலை வெட்டிய கத்தரியை டிஷ்யூவில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தால் நான் எழும்பிவிடுவேன். மற்றப் பெரும்பாலான குறைகளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்கிற நான், இதற்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கால் பெடிகியூருக்கும் இதே கவனம் வேண்டுமா?

இன்னும் கூட வேண்டும். 2000-இல் கலிபோர்னியாவின் வட்சன்வில் என்ற ஊரில் ஒரே சலூனில் கால் கழுவும் தொட்டியிலிருந்து 100 பேருக்கு மேல் காலில் கட்டி வந்தது. தொட்டியின் தண்ணீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து அங்கே கிருமி வளர்ந்திருந்தது. போவதற்கு முன் காலில் சவரம் செய்தவர்களுக்கு ஆபத்து கூட இருந்தது. அதனால் முதல் நாள் கால் முடி மழிக்காதீர்கள். தண்ணீர்ச் சுழல் தொட்டியைவிடக் கழுவி எடுக்கக்கூடிய சாதாரண பேசின் நல்லது.

சீனி வருத்தம் உள்ள அம்மாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு போனால், குதிக்காலில் பிளேட் வைக்க விடாதீர்கள். "சீனி இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டும் பிளேட்டைக் கையில் எடுப்பவரிடம் இனிக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

விலையைக் கூட்டிக்கொண்டே போகிறார். இது போதாதா மாற்ற?

2022-இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து சில வாரத்தில் 360 அளவுக்குப் போனது நமக்குத் தெரியும். ஜெல், அசிட்டோன், லாம்ப், பைல் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. அவர்களுக்கும் கடை வாடகை, கரண்ட் பில் இருக்கிறது. நான் விலையை நாளால் பிரித்துப் பார்ப்பேன். உதாரணத்துக்கு, 6000 ரூபாய்க்கு 20 நாள் நின்றால் நாளுக்கு 300. 4000 ரூபாய்க்கு 8 நாள் நின்றால் நாளுக்கு 500. மலிவானவரிடம் நான் கூடக் கொடுத்திருப்பேன்.

நம்ப முடியாத மலிவில் அக்ரிலிக் என்றால் கவனம். எம்.எம்.ஏ. என்ற திரவம் சேர்த்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் 1970-களிலேயே நீதிமன்றம் வரை போய் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மூக்கைத் துளைக்கும் மணம், கல் போலக் கடினம், அசிட்டோனில் ஊறாது. இடித்துக்கொண்டால் அது உடையாமல் உங்கள் நகம் பிய்ந்து வரும்.

அவருக்குச் சிங்களம்தான் தெரியும். நோகிறது என்று சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

மூன்று வார்த்தை போதும். நோகிறது என்றால் "ரிதெனவா", எரிகிறது என்றால் "பிச்செனவா", மெதுவாக என்றால் "ஹெமின்". வார்த்தை வராவிட்டால் கையை இழுத்துக்கொள்ளுங்கள், அது எல்லா மொழியிலும் விளங்கும். எனக்கு இப்போது செய்பவரும் சிங்களப் பெண்தான். பாதி சைகை, பாதி அவருடைய உடைந்த தமிழ். என் முகம் சுளித்த உடனே டிரில்லை நிறுத்துவார்.

அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை, அம்மாவுக்கும் தெரிந்தவர். எப்படி விட்டுப் போவது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நானும் இதற்காகத்தான் பதினொரு மாதம் இழுத்தேன். அவர் புதிதாகக் கொழும்புக்கு வந்தவர், வீட்டுக்குக் காசு அனுப்புகிறார், நான் போகாவிட்டால் ஒரு வாடிக்கை குறையும். இதெல்லாம் உண்மை. வெள்ளவத்தையில் நாலு தெரு தாண்டினால் மறுபடி அவரையே சந்திக்க வேண்டும் என்பதும் உண்மை.

போவதற்கு முன் ஒரு தடவையாவது குறையைச் சொல்லுங்கள். நான் சொல்லவே இல்லை. எனக்குச் செய்தது போலத்தான் மற்றவர்களுக்கும் செய்திருப்பார், யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே காசு கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கழற்றத் தொடங்குகிற போதே சொல்வது நல்லது: "தங்கச்சி, இண்டைக்கு எனக்கு அவசரம் இல்லை. கால் மணித்தியாலம் ஊற வையுங்கோ, சுரண்ட வேண்டாம்." கேட்டு அப்படியே செய்தால் நீங்கள் மாற்றத் தேவையே இல்லாமல் போகலாம்.

கேட்கவில்லை என்றால், சொல்லாமல் மறைந்து போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: "தங்கச்சி, கொஞ்ச நாள் வேற இடத்தில போட்டுப் பாக்கப் போறன். இவ்வளவு நாளும் அன்பாச் செய்து தந்தனீங்கள். கழட்டேக்க நகம் மெலியுது, அதுதான் காரணம். குறை நினைக்காதேங்கோ." காரணத்தைச் சொல்லுங்கள். "வேலை கூடிப்போச்சு, நேரம் இல்லை" என்று எழுதினால், அடுத்த வாரம் கடற்கரை வீதியில் புது நகத்தோடு உங்களைக் காணும்போது அவருக்கு அதுதான் அதிகம் நோகும்.

அன்பை விட வேண்டியதில்லை. புருவம் நூல் பிடிக்க நான் இன்னும் அவரிடம்தான் போகிறேன். அதில் அவர் கை அருமை.

காயம் பட்டு, மருந்துச் செலவும் ஆகி, சலூன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பில்லும் படமும் வைத்திருங்கள்.

அதே சலூனில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் மாறலாமா?

தாராளமாக. பழையவரிடம் நேரே சொல்லாமல், முன்பதிவு எடுக்கும் மிஸ்ஸிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும், இரண்டாம் தடவை பழகிவிடும். ஆனால் குறை சுத்தத்தில் என்றால் கதிரை மாறி என்ன பயன்? கருவி ஒன்றுதானே.

புதியவரை எப்படிச் சோதிப்பது?

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சோதிக்காதீர்கள். ஆடி மாதம் நல்லது, கல்யாணக் கூட்டம் குறைவு, அவருக்கும் உங்களோடு இருக்க நேரம் இருக்கும். சித்திரை வருடப்பிறப்புக்கும் நத்தாருக்கும் முந்தின வாரங்களில் யாருடைய கையும் அவசரக் கைதான்.

முதல் நாள் எக்ஸ்டென்ஷன் (நகத்தை நீட்டி ஒட்டுவது), படம் வரைவது ஒன்றும் வேண்டாம். பழைய ஜெல்லைக் கழற்றி, வெறும் நகத்தைச் சீர்செய்து, ஒரே கலர். அவர் உங்கள் நகத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா, ஏதாவது ஒவ்வாமை உண்டா, சமையல் வேலை எவ்வளவு என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். போட்ட உடனே எடுத்த படங்களை எல்லாரும் போடுவார்கள். மூன்று வாரம் கழித்து, வளர்ந்த இடத்தை நிரப்பும் இன்பில்லுக்கு வந்தவரின் நகப் படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அதில்தான் வேலை தெரியும். என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் நல்லதுதான், ஆனால் நான் முதலில் பார்ப்பது குப்பைக் கூடையை. பாவித்த பைல்கள் அதில் கிடந்தால் எனக்கு நிம்மதி.

வீட்டில் வைத்துச் செய்பவர் என்பதற்காக ஒதுக்காதீர்கள். வாடகை இல்லாததால் ஒருவருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்க அவர்களால் முடிகிறது. யன்னல் திறந்திருக்க வேண்டும், தேய்க்கும் தூள் சாப்பாட்டு மேசையில் விழக்கூடாது, அதை மட்டும் பாருங்கள்.

தொழுகைக்கு முன் வுழூச் செய்து கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும். என் பழைய ஆள் "மூச்சுவிடும் ஜெல், தண்ணீர் போகும்" என்கிறார். நம்பலாமா?

மார்க்கத் தீர்ப்பை நான் சொல்லக்கூடாது, உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: லாம்பில் இறுகிய ஜெல் ஒரு பிளாஸ்டிக் படலம். என் தோழிகள் தொழுகை இல்லாத நாட்களில் சாதாரணக் கியூட்டெக்ஸ் பூசி, பிறகு எடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் மருதோன்றி. அது படலமாக நிற்பதில்லை, நகத்தில் சாயமாக ஊறிவிடுகிறது.

யாரிடமும் போகாமல் கொஞ்ச நாள் விட்டால் நகம் மூச்சு விடுமா?

நகம் மூச்சு விடுவதில்லை, அதற்கு வேண்டியது இரத்தத்தில் வருகிறது. ஒழுங்காகப் போட்டுக் கழற்றும் நகத்துக்கு இடைவெளி கட்டாயம் இல்லை. மெலிந்த நகத்துக்கு இடைவெளி வேண்டும். குட்டையாக வெட்டி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, பாத்திரம் கழுவக் கையுறை போட்டு மூன்று நாலு மாதம் விடுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் தடுமாறுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வெறும் நகத்தோடு அடுத்தவரிடம் போனால், அவர் கையில் நடப்பது தெளிவாகத் தெரியும்.

மாற்றின பிறகு பழையவரிடமே திரும்பிப் போகலாமா?

போகலாம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தோழி போனார். விலை கூடிவிட்டது என்று விட்டவர், மலிவான இடத்தில் நாலு மாதம் இருந்து நகம் தேய்ந்து, கூச்சத்தோடு பழைய அக்காவிடமே முன்பதிவு கேட்டார். அந்த அக்கா ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஆர் பிள்ளை இப்பிடித் தேய்ச்சது?" என்றார். அன்றைக்கு ஜெல் போட மறுத்துவிட்டார். எண்ணெய் மட்டும் தேய்த்து, குட்டையாக வெட்டி, அடுத்த மாதம் வரச் சொன்னார். அதற்குக் காசும் வாங்கவில்லை.